நீளமுடிப் பூனையின் முடி உதிர்வும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் நீளமுடிப் பூனை என்றால் பெரும்பாலும் பெர்சியன், இல்லாவிட்டால் பெர்சியன் கலப்பு. டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்று முகத்தை வைத்து விலை சொல்கிறார்கள். முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு. சில மாதம் கழித்து சோபா முழுக்க முடியும் பூனையின் அக்குளில் சடையுமாக நிற்கும்போதுதான் கேள்விகள் வருகின்றன. முடி உதிர்வதை யாராலும் நிறுத்த முடியாது. உதிர்ந்த முடி சீப்போடு வருகிறதா, பூனையின் வயிற்றுக்குள் போகிறதா, தோலோடு சடையாக ஒட்டிக் கிடக்கிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

நீளமுடிப் பூனைக்கு முடி அதிகமாகக் கொட்டுமா?

அப்படிச் சொல்ல முடியாது. நாட்டுப் பூனைக்கும் முடி கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது; குட்டையாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. பூனையின் ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளரும், பிறகு வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும், அப்புறம் உதிரும். வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் வேலையைப் பார்ப்பது எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு. அதில் ஏற்பட்ட மாற்றங்களால்தான் பூனைக்கு முடி நீள்கிறது என்று 2007இல் கண்டுபிடித்தார்கள். நிறுத்தும் உத்தரவு சரியாகப் போய்ச் சேராததால் முடி கூடுதல் நாள் வளர்கிறது. தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டிக்கு நீளமுடி. அதனால் இரண்டு குட்டைமுடிப் பூனைகளுக்குக்கூட எப்போதாவது புசுபுசுவென்று ஒரு குட்டி பிறக்கும்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், உதிர்ந்த முடி கீழே விழுவதில்லை. பெர்சியனுக்கு மேல்முடிக்கு அடியில் மெத்தென்ற அடிமுடி அடர்த்தியாக இருக்கும். அது உதிர்ந்தாலும் வெளியே வர வழியில்லாமல் மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. தரையில் முடி குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில்தான் பல நேரம் பூனையின் வயிற்றுப்பக்கம் சடை பிடித்துக் கிடக்கும்.

எந்த மாதத்தில் அதிகம் கொட்டும்?

பூனையின் முடி மாறும் காலத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது பகல் வெளிச்சத்தின் நீளம். குளிர்நாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேர வித்தியாசம் இருப்பதால் அங்கே பூனைகள் வசந்தத்தில் கொத்துக் கொத்தாக முடி உதிர்க்கும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு, ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட் வெளிச்சம். ஆகவே வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு இங்கே வருஷம் முழுக்கக் கொட்டும், இடையில் சில வாரம் கூடும். ‘சீசன் முடியட்டும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை.

எது சாதாரணம், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்?

உடம்பு முழுக்க ஒரே சீராகக் கொட்டி, அடியில் தோல் தெரியாமல் இருந்தால் சாதாரணம். குட்டி போட்ட பிறகும், கருத்தடை ஆபரேஷன் முடிந்த சில வாரங்களிலும் கூடுதலாகக் கொட்டுவதைப் பார்க்கலாம்.

வட்டமாகச் சொட்டை, செதில், சிவப்பு, புண், ஒரே இடத்தை நக்கி நக்கி முடியே இல்லாமல் போவது இவையெல்லாம் வேறு. அடிவயிற்றை நக்கி மொட்டையாக்கும் பூனைக்கு தெள்ளுப்பூச்சி அலர்ஜி இருக்கலாம், சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம், வீட்டில் புதுப் பூனை வந்த மன உளைச்சலாகவும் இருக்கலாம். தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பேன்சீப்பால் இடுப்புப் பக்கம் சீவி, வரும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பரில் போடுங்கள். துகளைச் சுற்றி செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. பூனையின் ரத்தம்தான் அப்படிக் கசிகிறது.

என்ன சீப்பு வாங்குவது?

ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் ஸ்டீல் பல் சீப்பு வாங்குங்கள். பாதி நெருக்கமான பல்லும் பாதி அகலமான பல்லும் உள்ளது நல்லது. பல்லின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். உங்கள் முன்கையின் உள்பக்கம் இழுத்துப் பார்த்தால் கீறக் கூடாது. முடியின் நீளத்தைவிடப் பல் குட்டையாக இருந்தால் தோல்வரை எட்டாது, அது வீண்.

இரண்டாவதாக ஸ்லிக்கர் பிரஷ், அதாவது வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக உள்ள பிரஷ். அழுத்தித் தேய்த்தால் தோலில் கீறல் விழும், லேசான கையோடுதான் பிடிக்க வேண்டும். ஷெட்டிங் பிளேடு என்று விற்கும், பல் வைத்த உலோகத் தகட்டை பெர்சியனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் மலைபோல முடி வரும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அதில் கணிசமானது உதிராத மேல்முடி அறுந்து வந்தது. ரப்பர் க்ளவுஸ் குட்டைமுடிப் பூனைக்குப் போதும். நீளமுடியில் அது மேலே தடவிக் கொடுப்பதோடு சரி.

எப்படிச் சீவ வேண்டும்?

தினமும் ஐந்து நிமிடம். வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் என்பது பூனைக்கும் தண்டனை, உங்களுக்கும் தண்டனை.

பலர் தினமும் சீவுகிறோம் என்பார்கள், சடையும் இருக்கும். காரணம், சீப்பு மேலேயே ஓடுகிறது. முதுகு பளபளவென்று இருக்கும்; கையை அடியில் விட்டால் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். சரியான முறை இது: ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய வரிசையை மட்டும் வேரிலிருந்து நுனிவரை சீவுங்கள். அது தடையில்லாமல் ஓடியதும் அடுத்த வரிசையைக் கீழே விடுங்கள். முதலில் அகலப்பல், அப்புறம் நெருக்கப்பல். சிக்கு மாட்டினால் வேரிலிருந்து இழுக்காதீர்கள். தலைமுடி நீளமான பெண்பிள்ளைக்குச் சிக்கெடுக்கிற மாதிரி, நடுவில் முடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். பிடித்த விரல் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், தோலுக்கு வலி போகாது.

சடை விழும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்கால் அக்குள், அடிவயிறு, தொடையின் பின்பக்கம், வால் தொடங்கும் இடம். நேரம் இல்லாத நாளில் முதுகை விட்டுவிட்டு இந்த இடங்களை மட்டும் பாருங்கள். அக்குளுக்கு ஒரு வழி: பூனையை மடியில் உட்கார வைத்து, முன்காலைப் பக்கவாட்டில் இழுக்காமல் மெல்ல முன்னோக்கி நீட்டிப் பிடியுங்கள். அங்கே தோல் மிக மெல்லிசு. இரண்டு மூன்று இழுப்புப் போதும், நிறுத்திவிடுங்கள்.

பூனை சீவவே விடமாட்டேன் என்கிறதே?

சீப்பை முதல் சில நாள் முகர்ந்து பார்க்க மட்டும் கொடுங்கள். அப்புறம் அதற்குப் பிடித்த கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் இரண்டு இழுப்பு, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் நல்ல நேரம். வால் நுனி படபடவென்று அடிக்க ஆரம்பித்தாலோ, காது பின்னால் மடங்கினாலோ, முதுகுத் தோல் சிலிர்த்துத் துடித்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கடிக்கும்வரை தொடர்ந்தால், கடித்தால்தான் விடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். பிடரியைப் பிடித்துத் தூக்கிச் சீவும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

முன்பு அமைதியாகச் சீவ விட்ட பூனை திடீரென்று ஒரு இடத்தைத் தொட விடவில்லை என்றால் அங்கே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சடை பிடித்துவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டிவிடலாமா?

வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் மறுபடி மறுபடி சொல்ல வேண்டிய பதில் இது.

பூனையின் தோல் மெல்லியது, தளர்வானது. சடையை விரலால் தூக்கினால் தோலும் அதோடு கூடாரம் போல எழுந்து வரும். முடிக்கும் தோலுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கத்தரிக்கோல் பட்டால் ஒரு அங்குலத்துக்குக் கிழிந்து தையல் போட வேண்டிய நிலைமை வந்துவிடும்.

சின்னச் சடை என்றால் அதன்மேல் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் தூவி விரலால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையை அது உறிஞ்சும், முடி வழுக்கும். பிறகு இரண்டு கை விரலாலும் சடையை நடுவில் பிரித்து இரண்டாக்குங்கள், இரண்டை நான்காக்குங்கள். அப்புறம் நுனியிலிருந்து சீப்பு. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை. டால்கம் பவுடர் போடாதீர்கள். மூச்சில் போகும், நக்கினால் வயிற்றிலும் போகும். சடையோடு குளிப்பாட்டவும் கூடாது; தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கம்பளிபோல இறுகிவிடும்.

தோலோடு ஒட்டிப் பலகையாகிவிட்ட சடைக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அது ஒவ்வொரு அசைவிலும் தோலைப் பிடித்து இழுக்கிறது, அடியில் காற்றுப் புகாமல் புண் வைக்கிறது. மருத்துவரிடமோ அனுபவமுள்ள க்ரூமரிடமோ (பிராணிகளின் முடியைப் பராமரிப்பவர்) கொண்டுபோய் மெஷினால் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் மயக்க ஊசி போட்டுச் செய்வார். மயக்க ஊசியை மருத்துவர் அல்லாத யாரும் போடக் கூடாது. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதன் மருத்துவமனையில் பூனைகளையும் பார்க்கிறார்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா?

சடை இல்லாத பூனைக்கு வெயிலைக் காரணம் காட்டி மொட்டை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முடி வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. வெள்ளைப் பூனைக்கு இது இன்னும் முக்கியம். சீவிச் சிக்கில்லாமல் இருக்கும் முடிக்குள் காற்று ஓடும். பூனையின் உடம்பைச் சுட வைப்பது சடைதான். லயன் கட் (தலை, வால்நுனி முடியை விட்டு உடம்பை மழிப்பது) செய்தால் பழையபடி வளர நாலு முதல் ஆறு மாதம், சில பூனைக்கு அதற்கு மேலும் ஆகும். சயாமியைப் போல முகமும் காலும் மட்டும் கருத்திருக்கும் ஹிமாலயன் வகைக்கு இன்னொரு விஷயம் உண்டு. அதன் நிறமி குளிர்ந்த தோலில்தான் உருவாகும். சிரைத்த இடம் குளிர்வதால் புதிதாக வளரும் முடி கருத்துப்போய் வரலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் மொட்டையைவிட ஃபேன், நிழலான தரை, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் என்பவைதான் உதவும். சப்பை மூக்குப் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். ஈரத்துணியால் உடம்பை நனைத்து, ஃபேன் காற்றோடு, அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை குளிப்பாட்டுவது? சீயக்காய் போடலாமா?

பெர்சியனுக்கு மாதம் ஒரு முறை, அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு முறை. எண்ணெய்ப் பசை தங்கினால்தான் முடி ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சிக்காகிறது. குளிக்கும் முன்பு முழுக்கச் சீவியாக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்துக்குக் கீழே மட்டும். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஷாம்பு நுரை கொஞ்சமும் மிஞ்சாமல் அலச வேண்டும், ஏனென்றால் மிச்சத்தை அது நக்கித்தான் தீர்க்கும்.

சீயக்காய் கண்ணில் பட்டால் நமக்கே எப்படி எரியும் என்று தெரியும், அதன் தூள் அடிமுடியில் தங்கியும் விடும். பூனை ஷாம்பு வாங்கிவிடுங்கள். டெட்டால் போன்ற கிருமிநாசினி ஒரு சொட்டுகூடக் கூடாது; நக்கினால் நாக்கு புண்ணாகும், பூனைக்கு அது விஷம். இதைவிட ஆபத்தானது நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தும் உண்ணி ஷாம்பும். அவற்றில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். பூனையின் கல்லீரலால் அதை நம்மைப்போலவோ நாயைப்போலவோ முறிக்க முடியாது. ‘எடை குறைவுதானே, பாதி டோஸ் போடலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டீ ட்ரீ ஆயிலும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விஷமில்லை, ஆனால் தடவினால் தூசி அத்தனையும் ஒட்டும்.

குளிப்பாட்டுவதைவிடக் காய வைப்பது பெரிய வேலை. மேலே காய்ந்து அடிமுடி ஈரமாக நின்றால், நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நல்ல உறிஞ்சும் டவலால் ஒற்றி எடுத்து, ட்ரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துச் சீவிக்கொண்டே காய வையுங்கள். மழைக்காலத்தில் இதற்கு நேரம் இல்லையென்றால் குளியலைத் தள்ளிப்போடுங்கள்.

முடி உருண்டையை வாந்தி எடுக்கிறது. மருந்து கொடுக்கலாமா?

பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. நக்கும்போது மாட்டுகிற முடியை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். அதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். எப்போதாவது நீளவாக்கில் ஒரு உருண்டை வாந்தியாக வந்தால் பயம் வேண்டாம். சீவலைக் கூட்டுங்கள், தண்ணீர் அதிகம் குடிக்க வையுங்கள், ஈரமான உணவு கொடுங்கள். கடையில் விற்கும் மால்ட் பேஸ்ட் கொஞ்சம் உதவும். தொட்டியில் கோதுமை விதைத்துப் புல்லாக வளர்த்து வைத்தால் விருப்பமாகத் தின்னும்.

விளக்கெண்ணெய், பாரஃபின் எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஒன்றும் வராமல் திரும்பத் திரும்ப ஓங்கரிக்கிறது, சாப்பிடவில்லை, மலம் போகவில்லை, மூலையில் சுருண்டு கிடக்கிறது என்றால் குடலில் அடைப்பு இருக்கலாம். அன்றே மருத்துவர்.

முடியில் எது விழுந்தாலும் வயிற்றுக்குப் போகும் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொக்கேவில் வரும் லில்லிப் பூவை வீட்டுக்குள் விடாதீர்கள். அதன் மகரந்தம் முடியில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

சாப்பாட்டால் முடி உதிர்வு குறையுமா?

தயிர்சாதமும் பால்சோறும் தின்று வளரும் பூனைக்கு முடி மங்கிப் பொடுகு தட்டும். பூனை கட்டாய மாமிச உண்ணி, முடியே புரதம்தான். பூனைக்கென்று தயாரித்த முழுமையான உணவு அடிப்படை. வேகவைத்த மீன், கோழியை மேலதிகமாகக் கொடுக்கலாம். மத்தி நல்லதுதான், ஆனால் மூன்று வேளையும் மத்தி என்றால் வைட்டமின் இ குறைந்து கொழுப்புத் திசு அழற்சி வரும். நல்ல உணவு உதிர்வை நிறுத்தாது. முடி வலுவாக இருக்கும், சிக்கு குறையும்.

படர்தாமரை நமக்கும் ஒட்டுமா?

ஒட்டும். பெர்சியனுக்கு இது அதிகம் வருகிறது. வட்டச் சொட்டை, ஒடிந்த முடி, சாம்பல் செதில். சில பூனையில் வெளியே ஒன்றுமே தெரியாது, வீட்டுப் பிள்ளைகளின் கையில் வட்டம் வந்த பிறகுதான் தெரியும். மருத்துவர் புறஊதா விளக்கில் பார்ப்பார், முடியை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கும் அனுப்புவார். விளக்கில் ஒளிராததால் இல்லை என்று ஆகாது. வாரக்கணக்கில் சிகிச்சை உண்டு. பாதியில் விடக் கூடாது. உதிர்ந்த முடியில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால் வீட்டைப் பெருக்கித் துடைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அந்தப் பூனையின் சீப்பை மற்றப் பூனைக்குப் போடாதீர்கள்.

பூனை முடி சோற்றில் விழுந்தால் ஆஸ்துமா வரும் என்கிறார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

முடி வயிற்றுக்குள் போய் ஆஸ்துமா வராது, வந்த வழியே வெளியே போய்விடும். பூனை அலர்ஜிக்கு முக்கியக் காரணம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம். அது முடியிலும் பொடுகிலும் ஒட்டிக் காற்றில் மிதக்கிறது. அலர்ஜி உள்ளவருக்கு வீசிங் நிஜமாகவே வரும். அவருக்குக் குட்டைமுடிப் பூனையாலும் வரும். அப்படிப்பட்டவர் வீட்டில் சீவுகிற வேலையை வேறு ஒருவர், பால்கனியில், மாஸ்க் போட்டுச் செய்யட்டும். படுக்கையறைக்குள் பூனை வேண்டாம். ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தால் இந்தப் புரதம் குறையும்.

கர்ப்பிணிகள் பயப்படும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முடியால் பரவுவதில்லை. மலத்தில் வரும் அதன் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். எனவே லிட்டர் ட்ரேயைத் தினமும், கர்ப்பிணி அல்லாத ஒருவர் சுத்தம் செய்தால் சரி. சமைக்காத இறைச்சியை பூனைக்கும் கொடுக்க வேண்டாம். பூனையைத் தெருவில் விட்டுவர எந்தக் காரணமும் இல்லை.

பின்பக்க முடியில் மலம் ஒட்டுகிறது.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு, தொடையின் உள்பக்க முடியையும் சேர்த்து, சத்தம் குறைந்த ட்ரிம்மரால் குட்டையாக்கிவிடுங்கள். வெளியே தெரியாது. அடிக்கடி இளகிப் போகிறது என்றால் முடியை விட்டுவிட்டுக் குடற்புழுவையும் உணவையும் பாருங்கள்.

வீட்டில் முடியை எப்படிச் சமாளிப்பது?

விளக்குமாற்றால் பெருக்கினால் முடி பறந்து வேறு இடத்தில் உட்காரும். ஈரத் துடைப்பம் நல்லது. சோபாவில் ரப்பர் க்ளவுஸை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுத்தால் முடி சுருண்டு வந்துவிடும். துணிகளை மெஷினில் போடும் முன் உதறுங்கள், ஃபில்டரை அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பூனைக்கு ஜன்னலோரம் ஒரு துண்டு விரித்துக் கொடுத்தால் பாதி முடி அந்தத் துண்டிலேயே சேரும்.

வயதான பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டது. ஏன்?

இடுப்பிலும் காலிலும் மூட்டு வலி இருந்தால் பின்பக்கம் திரும்பி நக்க முடியாது. முதுகின் பின்பாதியில் மட்டும் சடை விழும். பல் வலியிருந்தால் எங்குமே நக்காது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போய், முடி பிசுபிசுவென்று கலைந்திருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இவற்றுக்கு மருந்து இருக்கிறது. அதுவரை அதன் நாக்கு செய்த வேலையை உங்கள் சீப்பு செய்யட்டும்: ஒரு நாளில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், மெத்தையான இடத்தில் படுக்க வைத்து, முதுகெலும்பு தட்டுப்படும் இடங்களில் பல்லை அழுத்தாமல்.